பதினான்கு சல்யூட்

ஜனவரி 11

என் அருமை ஸ்கேலுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒரு ஜீவனும் நம்பாது என்று என் காரின் நான்கு சக்கரங்கள் மீதும், காற்றுப் போய்க் கிடக்கும் ஸ்டெப்னி மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன். நீ மட்டும் நம்பினால் போதும். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வேலையை நீதானே பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

கதை இதுதான். ஏப்ரலில் உன் கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு உன் மாமன் ஹாஸ்டல் வாசலில் காரோடு நிற்பான். நான்கு நாள், ஐந்து கல்லூரி. ஒவ்வொன்றாக இறங்கிப் பார்ப்போம். வகுப்பறையில் வெளிச்சம் எப்படி, கேன்டீனில் டீ எப்படி, மாடிப்படிக் கைப்பிடி வழுக்கிக்கொண்டு போக வசதியா, எல்லாவற்றையும் நீ ஸ்கேல் வைத்து அளந்துகொள். பிடித்த கல்லூரிக்கு நீ தலையாட்டினால் அதை மடித்து டிக்கியில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன்.

மூன்றாவது கல்லூரி என்னுடையது. அதைப் பற்றி உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா? ஏழு மாடி மணிக்கூண்டு. அதன் பெரிய முள்ளைப் பிடித்து நான் தொங்கிய அன்றைக்கு மூன்று பத்துக்கு நின்ற கடிகாரம் இன்றுவரை ஓடவில்லை. அப்போது பிரின்சிபால் கீழே நின்று, "தம்பி, இறங்குப்பா, அட்டென்டன்ஸ் போட்டுடறேன்"னு கெஞ்சியதை நீ ஐந்து வயதிலேயே மனப்பாடமாகச் சொல்வாய்.

இங்கே டிரைவிங் ஸ்கூல் தொழில் அமோகம். நேற்று ஒரு பேங்க் மேனேஜரிடம் கியரை மாற்றச் சொன்னேன். வைப்பரைப் போட்டார். நல்ல வெயில். "சார், மழை வருதா?"ன்னேன். "வந்தா ரெடியா இருக்கணும் இல்ல?"ன்னார். பக்கத்து சீட்டில் எனக்கென்று தனி பிரேக் இல்லாதிருந்தால் இந்த ஊரில் பாதிச் சுவர்கள் நின்றிருக்காது.

இப்படிக்கு,
இரட்டை பிரேக் வேந்தன், எல் போர்டு திலகம்,
உன் மாமா

பி.கு: இதைப் பிரித்துப் படிக்கும் வார்டனம்மாவுக்கு என் வணக்கம். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக் கொடுக்கவும்.


ஜனவரி 22

என் அன்பு பிரேக்கு மாமாவுக்கு,

வார்டனம்மா ஒரு பிழையைத் திருத்தியிருக்கிறார்கள், சிவப்பு மையில்! எங்கே என்று சொல்லமாட்டேன்.

மாமா, இந்தக் கடிதத்தை மட்டும் விளையாட்டில்லாமல் படியுங்கள். ஐந்து கல்லூரியில் உங்கள் கல்லூரியில்தான் கட்டடக்கலை இருக்கிறது. மற்ற நான்குக்கும் ஏப்ரலில் போய் விண்ணப்பித்துக்கொள்ளலாம். உங்கள் கல்லூரியில் மட்டும் பிப்ரவரி இருபதோடு முடிகிறது. கையால் வரைந்த பன்னிரண்டு தாள் வைக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் வாங்க மாட்டார்கள். வீட்டார் ஒருவர் நேரில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.

எனக்கு மாதிரித் தேர்வு, ஹாஸ்டலை விட்டு வெளியே விடமாட்டார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் டூட்டி மாற்றிக்கொண்டு தானே போவதாகச் சொன்னார்கள். நான்தான் வேண்டாமென்றேன். அது மாமாவின் கல்லூரி, அங்கே மாமாவைத் தெரியாதவர்கள் கிடையாது, மாமா போனால்தான் மரியாதை என்று சண்டையே போட்டேன். "உன் மாமாவை நம்பி ஒரு தீப்பெட்டி வாங்கக்கூட நான் அனுப்பமாட்டேன். உன் இஷ்டம்"னு சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்கள். அதற்காகவாவது நீங்கள் ரசீதை ஃபிரேம் போட்டு அம்மாவிடம் கொடுக்க வேண்டும்.

தாள்களைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நகல் இல்லை. ஹாஸ்டல் படிக்கட்டு, பம்ப் ஷெட், உங்கள் காரைக் குறுக்கே வெட்டினால் உள்ளே இரண்டு பிரேக்கும் தெரியும் படம், எல்லாம் இருக்கிறது. பன்னிரண்டாவது தாள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. உங்கள் மணிக்கூண்டு. நான் பார்த்ததில்லை, நீங்கள் சொன்னதை வைத்தே அளவெல்லாம் போட்டு வரைந்தேன். கடிகாரத்தில் மூன்று பத்து. அடியில் 'எங்கள் மாமா தொங்கிய முள்' என்று எழுத ஆசை, எழுதவில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஸ்கேல்


பிப்ரவரி 15

கட்டடக்கலை மேதை ஸ்கேல் அவர்களின் சமூகத்துக்கு,

காரியம் முடிந்தது. முதற்கண் ஓர் எச்சரிக்கை: உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படித்தால் தலை சுற்றும்.

முந்தாநாள் விடியும் முன்பே கிளம்பினேன். வழி நெடுக மாடுகள் ஓரமாக ஒதுங்கி நின்றன. கல்லூரிக் கேட்டில் பதினான்கு வாட்ச்மேன்கள் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். பதினான்கு பேரின் கையும் ஒரே நேரத்தில் எழும்பிய காற்றில் என் கார்க் கண்ணாடி தானாக ஏறிக்கொண்டது. உள்ளே போனால் பதிவாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "நீங்களா! எங்க சார் போயிட்டீங்க இத்தனை வருஷம்?"னு கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். உன் தாள்களை ஒவ்வொன்றாக விரித்தோம். பம்ப் ஷெட்டைப் பார்த்து ஒரு பேராசிரியருக்குத் தாகம் எடுத்துவிட்டது. மணிக்கூண்டுக்கு வந்ததும் எல்லோரும் கைக்கடிகாரத்தை மூன்று பத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டார்கள். "இதை வரைஞ்ச கை எங்களுக்கு வேணும்"னார் பிரின்சிபால். "கை மட்டும் தர முடியாது, முழுப் பொண்ணாத்தான் தருவோம்"னேன்.

ஆகவே கவலையை விட்டுப் பரீட்சைக்குப் படி.

இப்படிக்கு,
பதினான்கு சல்யூட் பெற்ற
உன் மாமா


பிப்ரவரி 25

என் தங்க மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படித்தேன். பம்ப் ஷெட் வந்ததும் ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. பதினான்கில் பதின்மூன்றைக் கழித்துக்கொள்ள எனக்குத் தெரியும் மாமா. கொடுத்துவிட்டீர்கள், அது போதும். அம்மாவுக்கும் போனில் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். பிறகு, "பரவாயில்லையே"ன்னார்கள். அம்மா வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

ரசீது எண்ணை மட்டும் மறந்துவிட்டீர்கள். நேர்காணல் தேதி கேட்டுக் கடிதம் போட அது வேண்டும். அடுத்த கடிதத்தில் முதல் வரியில் எழுதுங்கள். உங்கள் முதல் வரியில் அதற்கு இடமிருக்காது, தெரியும். இரண்டாம் வரியில் போதும்.

இப்படிக்கு,
ஸ்கேல்


மார்ச் 4

ஸ்கேலுக்கு,

ரசீது பத்திரமாக இருக்கிறது. எவ்வளவு பத்திரம் என்றால் நானே எடுக்க முடியாத இடத்தில் இருக்கிறது. நம் தாள்களுக்கு ரசீது எழுதிய குமாஸ்தாவின் எழுத்து வேறு, கோழி நடந்தது மாதிரி. பூதக்கண்ணாடிக்குச் சொல்லியிருக்கிறேன்.

காருக்கு உடம்பு அவ்வளவு சரியில்லை. கியர் பெட்டியில் ஏதோ முனகல். ஏப்ரல் பயணத்தைச் சற்றுத் தள்ளிப்போட்டால் என்ன? கல்லூரிகள் எங்கும் ஓடிவிடாது. அப்படியே போவதென்றாலும் மூன்றாவதை விட்டுவிடலாம். உன் காரியம்தான் அங்கே முடிந்துவிட்டதே. அம்மாவைக் கேட்டதாகச் சொல். வெயிலில் அலையாதே.

உன் மாமா


மார்ச் 17

மாமாவுக்கு,

நீங்கள் ரசீது எண் அனுப்பாததால் என் பெயரை வைத்து நானே கல்லூரி அலுவலகத்துக்கு எழுதியிருந்தேன். ஒரு கார்டு வந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: 'தங்கள் பெயரில் விண்ணப்பம் ஏதும் இவ்வலுவலகத்தில் பெறப்படவில்லை. கடைசி நாள் முடிந்துவிட்டதால் இனிப் பெற இயலாது. தாங்கள் பார்வையிட அனுமதி கோரும் மணிக்கூண்டு எங்கள் வளாகத்தில் இல்லை.'

மூன்றாவது வரியைத்தான் முதலில் புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு மற்ற இரண்டும் தானாகப் புரிந்தன.

அம்மாவிடம் போனில் சொன்னேன். அவர்கள் திட்டவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. நீங்கள் அங்கே படிக்கவேயில்லை என்பது அவர்களுக்கு எப்போதும் தெரியுமாம். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"ன்னேன். "சின்னதுல அவ்வளவு ஆசையா கேப்பே. கெடுக்க மனசு வரல"ன்னார்கள். "அப்போ அவரை நம்பி ஏன் குடுக்க விட்டே?"ன்னேன். "ஒரு கவரைக் கொண்டுபோய்க் குடுக்கறதுக்கு காலேஜ் படிச்சிருக்கணுமா என்ன? அதுகூட செய்ய மாட்டான்னு எனக்கே தோணலடி"ன்னார்கள்.

எனக்கும் தோன்றவில்லை மாமா. நீங்கள் படித்தீர்களா இல்லையா என்று நான் எப்போதாவது கேட்டேனா? முள்ளில் தொங்கியதை நான் நம்பினேன் என்றா நினைத்தீர்கள்? ஏழு வயதிலேயே அளந்து பார்த்துவிட்டேன், எந்தக் கடிகார முள்ளும் உங்கள் எடையைத் தாங்காது. நான் நம்பியது உங்களை. கவரைக் கொடுப்பீர்கள் என்று.

முடியவில்லை என்று பிப்ரவரி பதினைந்தில் ஒரு வரி எழுதியிருந்தால் இன்னும் ஐந்து நாள் இருந்தது. அம்மா பஸ் ஏறியிருப்பார்கள். நீங்கள் பதினான்கு வாட்ச்மேன்களை எழுதினீர்கள். நான் அதை மேஜையில் படித்துக் காட்டினேன்.

ஏப்ரலில் நானும் அம்மாவும் பஸ்ஸில் போய் மற்ற நான்கையும் பார்க்கிறோம். நான்கிலும் கணக்கு இருக்கிறது. கணக்கு எனக்கு வரும். நீங்கள் ஹாஸ்டல் வாசலுக்கு வர வேண்டாம். என் தாள்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பன்னிரண்டாவது வேண்டாம்.


மார்ச் 24

ஸ்கேலுக்கு,

வார்டனம்மா, இந்த ஒரு கடிதத்தை மட்டும் படிக்காமல் அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

பதினோரு தாளும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. மேல் தாள் கொஞ்சம் சுருண்டிருக்கிறது. காரின் டேஷ்போர்டில் இருந்தது, வெயில்.

கியர் பெட்டியில் முனகல் இல்லை. கார் நன்றாக இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் கணக்கில் இரண்டு தடவை தோற்றவன். கல்லூரி என்றால் எனக்கு இந்த ஊர்க் கல்லூரியின் மதில்சுவர்தான் தெரியும், அந்தப் பக்கமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததால்.

அன்றைக்கு உண்மையிலேயே போனேன். உன் பார்சலைப் பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் போட்டேன். வழியெல்லாம் அதனிடம் பேசிக்கொண்டே போனேன். பதிவாளரிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை. கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். இரண்டு மாடியில் ஒரு மஞ்சள் கட்டடம், மேலே தண்ணீர்த் தொட்டி. கூண்டும் இல்லை, மணியும் இல்லை. நீ அளவு போட்டு வரைந்த அந்தத் தாளை உள்ளே அவர்கள் விரித்துப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று தோன்றியது. அந்த ஒரு தாளை உருவிவிட்டு வேறு எதையாவது வைத்துக் கொடுத்திருக்கலாம். இல்லாவிட்டால் அப்படியே கொடுத்திருக்கலாம், சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. உனக்காகப் பயந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். எனக்காகத்தான் பயந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வாரம் இருந்தது. தினமும் காரில் ஏறும்போது கவரைப் பார்த்தேன். நாளைக்கு என்றேன். உன் அம்மாவுக்குப் போன் போட எழுந்து, போடாமல் உட்கார்ந்துவிட்டேன். அவள் 'பரவாயில்லையே' என்றதாக நீ எழுதியது அதற்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முன்பே சொல்லியிருக்கலாம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, போகிறவர்களின் பிரேக்கை மிதிப்பதுதான் இத்தனை வருஷமாக என் பிழைப்பு. உன்னுடையதையும் மிதித்துவிட்டேன். இதற்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை.

பன்னிரண்டாவது தாளை நான் வைத்துக்கொள்கிறேன். நீ வேண்டாம் என்றுவிட்டாய்.

பிப்ரவரியில் எழுதியதில் பதிவாளர் பொய், பிரின்சிபால் பொய், மாடுகள் பொய். ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம். பதினான்கு பேர் இல்லை, ஒரே ஒரு வாட்ச்மேன், வயதானவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காரின் அருகில் வந்தார். பெல்ட் போட்ட கவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நேராக நின்று சல்யூட் அடித்து, "பழைய ஸ்டூடண்டா சார்? எந்த வருஷம்?"னு கேட்டார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு பொய்யும் வரவில்லை. ரிவர்ஸ் எடுத்தேன்.

சல்யூட் நிஜம்.

மாமா