நடத்தையில் குறை என்று எழுதியவள்

ஏப்ரல் 27

அன்புள்ள ஆரினுக்கு,

நலம்தானே? நெப்ராஸ்காவில் அப்பாவுக்குச் சோளம் விதைக்க உதவிக்கொண்டிருப்பாய். படிப்பையே விடப்போவதாக உன் அறைத்தோழன் சொன்னான். அதனால்தான் எழுதுகிறேன்.

மதிப்பெண்ணும் நடத்தையும் பார்த்து ஆள் சேர்க்கும் நம் அணுப்பொறியியல் மாணவர் கௌரவச் சங்கத்திலிருந்து உனக்கு வந்த மறுப்புக் கடிதத்தை எழுதியவள் நான். செயலாளர் வேலை அது. மதிப்பெண்ணில் வகுப்பிலேயே நீதான் முதல், அதில் யாரும் கை வைக்க முடியாது. அதனால் "நடத்தையில் குறை" என்றோம். என்ன குறை? நம் பல்கலைக்கழக ஆய்வு உலையின் பம்ப் அறைக்குள் போகாமலேயே டோலண்ட் கதிர்வீச்சு அளவுகளைப் பதிவேட்டில் எழுதிவிட்டான். அன்று முழுக்க அந்த அறைச் சாவி வெளியே எடுக்கப்படவே இல்லை என்று கவனித்து நீ உலை மேற்பார்வையாளரிடம் சொன்னாய். அவனுக்கு ஓர் எச்சரிக்கையோடு போயிற்று. உனக்கு அதுதான் குறை.

உன்னைப் பற்றி முடிவெடுத்த கூட்டத்தை நடத்தியதும் அதே டோலண்ட்தான். சங்கத் தலைவன் அல்லவா. "கூட இருக்கறவனையே போட்டுக் குடுக்கறவன நாளைக்கு எந்த நிலையத்துல நம்புவாங்க?" என்றான். மெரிடித், "எண்ணு ஒண்ணும் தப்பில்லையே, வாராவாரம் அதேதான வருது" என்று சிரித்தாள். அணு உலையை ஓட்டப்போகிறவர்கள் பேசுகிற பேச்சு இது. நிர்வாகிகள் ஐந்து பேரும் உன்னை மறுக்கக் கை தூக்கினோம். ஆம், நானும்தான்.

சனிக்கிழமை புதியவர்களைச் சேர்க்கும் விழா நடந்தது. டோலண்ட் உறுதிமொழியை வாசிக்க, நாங்கள் திருப்பிச் சொன்னோம். வரிக்கு வரி நேர்மை. பிறகு பட்டமளிப்பன்று அணியும் கௌரவக் கயிற்றை என் கழுத்தில் மாட்டி, "நீ நம்ம ஆளு, எனக்குத் தெரியும்" என்று தோளைத் தட்டினான். கோழியும் சீஸ்கேக்கும் போட்டார்கள். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். நான் தட்டைத் தொடவில்லை. அவன் கை பட்ட சட்டையைத் துவைத்த பிறகும் போட மனம் வரவில்லை.

அவனை மட்டும் சொல்லி என்ன? அந்தப் பதிவேட்டுப் பக்கத்தில் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவள் நான். மேற்பார்வையாளர் என்னைப் பற்றிக் கேட்டபோது, "கோரா பாவம், அவன் சொன்னத நம்பிப் போட்டுட்டா" என்றாயாம். உன் வார்த்தையால் தப்பித்தேன். ஆரின், நான் நம்பிப் போடவில்லை. அளவெடுக்க வேண்டிய அந்த நேரம் முழுக்க அவன் உணவகத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து பீட்சா தின்றுகொண்டிருந்தான்.

இன்று காலை மேற்பார்வையாளரிடம் போய் இதைச் சொல்லிவிட்டேன். கயிற்றையும் அவர் மேசையிலேயே வைத்துவிட்டேன். இனி உலைக் கட்டடத்துக்குள் நான் நுழைய முடியாது. அது சரிதான்.

என்னை நீ மன்னிக்க வேண்டாம். என்னோடு பேசவும் வேண்டாம். அடுத்த வாரம் தேர்வு, வந்து எழுதிவிடு. மற்ற நாலு பேரும் பட்டம் வாங்கிக்கொண்டு மின்நிலையங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே உன்னைப் போல் ஒருவனாவது இருந்தாக வேண்டும்.

தோழி என்று எழுதக் கூசும்
கோரா