கிணற்றடி மல்லிகையும் ஒரு பொய்யும்

இன்று காலையில் கொல்லையில் மல்லிகைச் செடிகளைக் கவாத்து பண்ணினேன். சீயக்காய் போட்டு இரண்டு தடவை கழுவியும் வெட்டுப்பட்ட பச்சைக் கிளையின் வாடை கையை விட்டுப் போகவில்லை. தை பிறந்தால் வருஷா வருஷம் இந்த வாடை வரும். கூடவே எனக்குக் கோபமும் வரும். இந்தத் தடவை எழுதியே தீர்ப்பது என்று காகிதத்தை எடுத்துவிட்டேன். உனக்கு எழுத்துத் தெரியாது. நீ உயிரோடு இருந்தாலும் இதை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு இருந்திருக்காது.

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம் நீ தேவாரத்திலிருந்து பண்ணைப்புரத்துக்கு, எங்கள் அடுத்த வீட்டுக்கு, இரண்டாம் தாரமாக வந்தாய். மூத்தாள் பிரசவத்தில் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அவள் நட்ட மல்லிகை உங்கள் கிணற்றடியில் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, விறகாக முற்றி, உள்ளே காய்ந்த குச்சியும் ஓணானுமாகக் கிடந்தது. உச்சியில் நாலு பூ பூத்தால் அதிகம். அதை யாரும் தொடக்கூடாது என்பது உன் மாமியார் போட்ட சட்டம். தண்ணீர் ஊற்றக்கூட அந்த வீட்டில் ஆளில்லை. ஆனாலும் தொடக்கூடாது.

நான் ராயப்பன்பட்டிக்காரி. என் அப்பா மல்லிகை போட்டவர். அந்தத் திமிரில் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து உனக்கு யோசனை சொன்னேன்.

"தைக்குள்ள முழங்கா ஒசரத்துக்கு வெட்டி விடு. காஞ்சத அடியோட எடு. மிச்சமிருக்க இலையவும் உருவிரு. மொட்டையாத்தான் நிக்கும், பயப்படாத. இருவது நாள்ல துளுத்துரும்."

"அவுக வஞ்சா என்ன மதினி செய்ய?"

"பூத்த பெறகு யாரு வைவாக?" என்றேன். எங்கள் வீட்டு அரிவாளையும் நானே வேலி வழியாக நீட்டினேன்.

மாமியார் சந்தைக்குப் போன நாளில் வெட்டினாய். கணுவுக்கு மேலே, சாய்வாக, நான் சொன்னபடியே வெட்டியிருந்தாய். அவள் திரும்பி வந்து போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. "ஏலே, என் மருமகள ரெண்டாந்தடவ கொன்னுட்டாடா" என்று மாரில் அடித்துக்கொண்டாள். உன் புருஷன் வண்டிச் சாட்டையை எடுத்தான். திரும்பத் திரும்ப இதையேதான் கேட்டான். "யாரு சொல்லிக் குடுத்தா? அருவா யாருது?"

"நானாத்தான் வெட்டுனேன்" என்றாய். ஒவ்வொரு அடிக்கும் அதையே சொன்னாய்.

பிறகு அவன் அரிவாளை எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்தான். "இது ஒங்க வீட்டு அருவாளா, ஆத்தா?" என்று கேட்டான். என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் "இல்ல" என்றேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் உன் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

செடி துளிர்க்கிறவரை அடுப்படிக்குள் வரக்கூடாது என்று உத்தரவு. மாட்டுக்கொட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய். முதுகுக் காயத்தோடு அந்த மொட்டைக் கட்டைகளுக்குத் தண்ணீர் சுமந்தாய், ஆட்டுப் புழுக்கை அள்ளிப் போட்டாய். பத்தொன்பதாம் நாள் கணுக்களில் அரிசி முனையளவு பச்சை தெரிந்தது. பங்குனியில் இலை தெரியாமல் பூத்தது. உன் மாமியார் கூடை நிறையப் பறித்து, "மூத்தவ திரும்பி வந்துட்டா" என்று வீடு வீடாகக் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். உனக்கு ஒரு முழம் கூடக் கிடையாது. நீயோ வேலியருகே வந்து, "சொன்ன மாதிரியே துளுத்துருச்சு பாத்தீகளா மதினி" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காக உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று அப்போதுதான் கேட்டேன்.

"சொன்னா ரெண்டு வீட்டுலயும் அடி விழும். ஒரு வீட்டோட போகட்டுமே."

யார் உன்னைக் கேட்டது? எனக்கு விழ வேண்டியதை வாங்கிக்கொள்ளும்படி நான் சொன்னேனா?

மூன்றாம் வருஷம் உனக்கு மலைக்காய்ச்சல் வந்தது. வண்டி கட்டி உத்தமபாளையத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கெஞ்சினேன். "அறுப்பு முடியட்டும்" என்றான் உன் புருஷன். அறுப்புக்கு வந்த ஆட்கள்தான் உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனார்கள்.

பதினாறாம் நாள் காரியத்தில் கூட்டத்துக்கு முன்னால் உன் மாமியாரிடம் சொன்னேன். "அன்னைக்கு வெட்டச் சொன்னது நான். அருவாளும் என்னோடதுதான். பொய் சொல்லிட்டேன்." என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். அவள் நிதானமாகப் பாக்கை வாயில் போட்டுக்கொண்டாள்.

"தெரியும்த்தா. ஒங்க வீட்டு அருவாப் பிடி எனக்குத் தெரியாதா? அவ வாயால வருதான்னு பாத்தோம். அழுத்தக்காரி, கடைசி வரைக்கும் சொல்லல."

தெரிந்தேதான் அடித்திருக்கிறார்கள். தெரிந்தேதான் எனக்குப் பூவும் கொடுத்திருக்கிறாள். நான் அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு உன் எதிரில் நின்றிருக்கிறேன்.

யுத்தம் முடிந்ததும் உன் புருஷன் மூன்றாவதாக ஒருத்தியைக் கட்டி வந்தான். உன்னைவிடச் சின்னவள். போன ஐப்பசியில் சோறு குழைந்துவிட்டது என்று அவள்மேல் சாட்டையைத் தூக்கினான். நான் வேலியைத் தாண்டிப் போய் நடுவில் நின்றேன். "ஒனக்கு இங்கன என்ன வேல?" என்று கத்தினான். நான் நகரவில்லை. ஓங்கியதை அவனால் நிறுத்த முடியாமல் ஒரு அடி என் தோளில் விழுந்தது. அதற்குப் பிறகு அவன் அடிக்கவில்லை. இன்றுவரை அந்தப் பெண்மேல் கை ஓங்கவும் இல்லை.

தழும்பு இன்னும் இருக்கிறது. ஒரே ஒரு அடிதான். இவ்வளவு வலிக்கும் என்று நீ என்னிடம் சொல்லவே இல்லை.