மனைவிக்காக வைத்த கோப்பை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே சுவிஸ் மலைகளில், எங்கடினில் பனி கொட்டுகிறது, ஆனால் ஹோட்டலுக்குள் நல்ல சூடு. போனில் கதைத்தால் இருவரும் அழுதுவிடுவோம் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் தேநீர் அறையில் ஜப்பானில் கையால் செய்த கோப்பைகள் இருக்கின்றன. சூளை நெருப்பில் மேல்பூச்சு உருகி வழிவதால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. ஆண்டுதோறும் மனைவியோடு வரும் முதியவர் ஒருவர் நேற்றுத் தனியாக வந்தார். தன் கோப்பையோடு, மனைவி எப்போதும் கேட்கும் நீலம் வழிந்த கோப்பையையும் எதிரில் வைக்கச் சொன்னார். இரண்டிலும் ஊற்றினேன். அவர் மனைவி கோடையில் இறந்துவிட்டாராம். பிறகு அந்தக் கோப்பையை எடுக்கப் போனபோது, "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்," என்றார்.

அவர் போன பிறகு, ஆறிப்போன அந்தத் தேநீரைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. நானே குடித்துவிட்டேன்.

சமையலறையில் என்னோடு வேலை செய்யும் யோகராஜா அண்ணை, "ஏன் பிள்ளை கண் சிவந்திருக்கு?" என்று கேட்டார்.

"வெங்காயம் அண்ணை."

"இண்டைக்கு வெங்காயமே வெட்டேல்லையே," என்று சிரித்தவர், பிறகு என் பங்குப் பாத்திரங்களையும் கழுவித் தந்தார்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக்கூட என்னால் வர முடியவில்லை. சீசன் முடிந்ததும் வருவேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள் அப்பா.

ஒரு சின்ன உதவி. அம்மாவின் குரல் உங்கள் போனில் இருந்தால் அனுப்புங்கள். என் போன் தண்ணீரில் விழுந்து எல்லாம் அழிந்துவிட்டது. "சாப்பிட்டியோ" என்று அவர் கேட்பது ஒன்று இருந்தாலே போதும்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

மகள்,
சிவானுஜா