வரதன் குரலுக்கு உரிம ஒப்பந்தம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நடை இல்லை. முழங்கால் பரவாயில்லை. பால் பாக்கெட் ஒன்று ஒழுகி, மனைவி ராஜியின் கோபம் பத்து மணி வரை.

இன்றைய வேலை: குரல் பேக்கேஜின் புதிய பதிப்பு. நிறுவனம் ஒப்பந்தத்தை மாற்றிவிட்டது. பழைய சம்மதம் செல்லாது. எல்லோரிடமும் புதிதாகக் கேட்க வேண்டும்.

எனக்கே தெளிவாக இருக்க எழுதி வைக்கிறேன். பேச்சு போகப்போகிறவர்களின் குரலை முன்கூட்டியே பதிவு செய்து, அதிலிருந்து கணினி பேசுவதற்கான குரல் கோப்பு தயாரித்துக் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனம் அது. அந்தக் கோப்பை, லினக்ஸ் கணினிகளில் நிறுவுவதற்காகத் தன்னார்வலர்கள் நாங்கள் தயாரிக்கும் பேக்கேஜுக்குள் வைத்துத் தர எங்களுக்கு உரிமை இல்லை. பேக்கேஜ் அவர்கள் சர்வருக்குப் போய், உரியவருக்கான கோப்பை இறக்கிக்கொள்ளும். இறக்குமுன் ஒப்பந்தத்தைத் திரையில் காட்டி, சம்மதமா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை எழுதுகிறவன் நான். ஓய்வுக்குப் பின் சம்பளமில்லாத உத்தியோகம்.

இதில் இறங்கியதே வரதனுக்காக. தொழிற்சாலையில் அவன் உற்பத்தி, நான் இன்ஸ்பெக்‌ஷன். அவன் செய்த சர்க்யூட் போர்டுகளை நான் திருப்பி அனுப்புவேன், அவன் மாடிப்படியில் நின்று கத்துவான். இப்போது நரம்பு நோய். கால், கை, பிறகு நாக்கு. வலது ஆள்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் மிச்சம். அதன் அடியில் ஒரு ஸ்விட்ச். எழுத்தெழுத்தாகத் தேர்ந்தெடுப்பான், கணினி அவன் குரலிலேயே பேசும். நாக்கு தடுமாறத் தொடங்கிய மாதங்களில் நாள் முழுக்க உட்கார்ந்து வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்த குரல்.

கேள்வித் திரையில் அம்புக்குறி முதலில் எதன்மேல் நிற்க வேண்டும்? வெகுநேரம் யோசனை. ‘சம்மதம் இல்லை’ மேல் வைத்தேன். தூக்கக் கலக்கத்தில் பொத்தானைத் தட்டுகிறவன் எதற்கும் சம்மதித்துவிடக் கூடாது. சரிதானா? சரி என்றுதான் தோன்றுகிறது.

ஜூலை 10, வியாழன்

வெயில், புழுக்கம். ஏ.எஸ்.ராவ் நகர் மார்க்கெட்டில் புடலங்காய் நன்றாக இருந்தது.

சோதனைகள்:
புதுக் கணினி, ‘சம்மதம்’ – இறங்கியது.
புதுக் கணினி, ‘சம்மதம் இல்லை’ – நின்றது.
பழைய பதிப்பு இருக்கும் கணினி, ‘சம்மதம்’ – புதியது வந்தது.

மறுப்பவர்களுக்கு ஒரு வரி எழுதிச் சேர்த்தேன்: “உங்கள் பழைய குரல் அப்படியே இருக்கும்.” ஆறுதலாக இருக்கட்டும் என்று.

பரிசீலிக்கும் ஆள் ஒரே வரியில் பதில் போட்டார்: கவனமான வேலை. திரும்பத் திரும்பப் படித்தேன். வெட்கம்.

ராஜி எட்டிப் பார்த்தாள். “ஆட்டோக்காரன்கிட்ட வாயத் திறக்கத் தெரியாது. உலகத்துக்கு ஒப்பந்தம் படிச்சுக் காட்டப் போறீங்களாக்கும்.”



ஜூலை 13, ஞாயிறு

மாரெட்பள்ளி. பஸ்ஸில் இடம் கிடைத்தது. வரதன் கணினியில் புதிய பதிப்பை என் கையாலேயே ஏற்றிவிடலாம் என்று போனேன்.

கதவைத் திறந்தது அவன் மனைவி கல்யாணி. “வாங்கண்ணா. காலைலேர்ந்து உங்களத்தான் கேட்டுட்டிருக்காரு. இட்லி சாப்ட்டுட்டுதான் அந்தப் பொட்டியத் தொடணும்.”

உள்ளேயிருந்து அவன் குரல்: “யோவ் இன்ஸ்பெக்‌ஷன், இன்னிக்கு எதை ரிஜெக்ட் பண்ண வந்தே?”

நான் படியேறும்போதே தட்டித் தயாராக வைத்திருக்கிறான். சிரித்தேன். அவன் கண்ணும்.

நிறுவலைத் தொடங்கினேன். ஒப்பந்தம் திரையில் வந்தது. தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். எட்டாவது ஷரத்து: இந்தக் குரலை நிறுவனம் தன் பிற சேவைகளிலும் பயன்படுத்தலாம்.

“மறுபடி படி.”

படித்தேன். விரல் வெகுநேரம் வேலை செய்தது.

“நாளைக்கு என் குரல்ல எவனாவது ஃபோன் பண்ணி ஃப்ளாட் விப்பானா?”

“விற்கலாம் வரதா. தடுக்க வழி இல்லை.”

“அப்ப நக்கோ. வேணாம்.”

கல்யாணிக்குக் கோபம். “என்ன நக்கோ? வித்தா வித்துட்டுப் போறான். அது உங்க குரல்னு யாருக்குத் தெரியப் போகுது?”

“உனக்குத் தெரியும்.”

மிச்ச ஷரத்துகளையும் படிக்கட்டுமா என்றேன். போதும் என்றான். வற்புறுத்தவில்லை. எப்போது வற்புறுத்தியிருக்கிறேன்?

ஸ்விட்ச்சை அவனே அழுத்தினான். சம்மதம் இல்லை. நிறுவல் நின்றது. திரையில் என் வரி: உங்கள் பழைய குரல் அப்படியே இருக்கும்.

“பாத்தியா, ஒண்ணும் ஆகல. காபி குடி.”

காபி வரும்வரை, வழக்கப்படி, பேசும் நிரலை மூடித் திறந்தேன். எதை ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் மூடித் திறப்பது என் பழக்கம்.

விரல் அசைந்தது. எழுத்துகள் திரையில் வந்தன. சத்தம் இல்லை.

“வால்யூம் கம்மியா இருக்குதா பாருங்கண்ணா,” என்றாள் கல்யாணி.

வால்யூம் சரியாகத்தான் இருந்தது. குரல் கோப்பைக் காணவில்லை.

ஜூலை 14, திங்கள்

தூக்கம் இல்லை. ராஜி ஹார்லிக்ஸ் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

காரணம் தெரிந்துவிட்டது. பேக்கேஜை நீக்கினால் குரல் கோப்பும் அழிய வேண்டும் என்பது பழைய ஒப்பந்தத்தின் நிபந்தனை. அதற்காக, வெளியேறும்போது ஓடும் சிறு நிரல் ஒன்றை போன வருடம் எழுதினேன். பேக்கேஜை அடியோடு நீக்கினாலும் அது ஓடும். பழையது புதியதற்கு இடம் விடும்போதும் ஓடும். இரண்டில் எது என்று கணினி ஒரு சொல்லில் தெரிவிக்கும். அந்தச் சொல்லை நான் பார்க்கவே இல்லை. ஒரு நிபந்தனை வரி போதும். எழுதவில்லை.

ஆகவே புதியது வந்து சம்மதமா என்று கேட்கும் முன்பே பழையது கோப்பை அழித்துவிட்டது. அவன் யோசித்துக்கொண்டிருந்தபோதே கோப்பு இல்லை.

பின் எப்படிப் பேசினான்? லினக்ஸில் அழித்த கோப்பும், அதை ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் வரை உயிரோடு இருக்கும். வெளியே எடுத்துக் காப்பாற்றலாம், எப்படி என்று எனக்குத் தெரியும். மூடித் திறக்காமல் இருந்திருந்தால். நான் மூடினேன்.

பழைய பதிப்பு இருக்கும் கணினியில் ‘சம்மதம் இல்லை’. அந்த ஒன்றைத்தான் சோதிக்கவில்லை. நாற்பது வருடம் அடுத்தவன் போர்டில் குறை கண்டவன்.

பேக்கேஜைத் திரும்பப் பெறும்படி எழுதினேன். உடனே திரும்பப் பெற்றார்கள். வேறு யாருக்கும் போகவில்லை. திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிரதி? வரதன் மகள் சிந்து ஒரு பென் டிரைவில் வைத்திருந்தாள். போன வருடம் நான்தான் ஒப்பந்தத்தைக் காட்டி, வைத்துக்கொள்ளக் கூடாதம்மா என்றேன். அழித்துவிட்டாள்.

ஜூலை 16, புதன்

பலத்த மழை. உப்பலில் தண்ணீர் தேங்கி ஆட்டோ நின்றுவிட்டது. வரதனின் கணினியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். அழிந்ததை மீட்டுத் தரும் கடை. சிந்துவும் வந்தாள்.

கடைக்காரர் தெலுங்கில் சொன்னார், இந்த வகை டிஸ்க் அழித்த இடத்தைத் தானே துடைத்துவிடும், ஒன்றும் இல்லை என்று. எனக்கும் தெரிந்ததுதான். அவர் வாயால் கேட்கப் போனேன் போலிருக்கிறது.

திரும்பும் வழியில் சிந்து கேட்டாள், “கைக்கு பூச்சே அங்கிள்?” ஏன் கேட்டீர்கள் என்று. “டாடிக்கு மூச்சு விடவே முடியல. அவரைப் போய் டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ் கேக்கறீங்க. எல்லாரும் படிக்காமத்தானே யெஸ் போடறாங்க? ஹீ ட்ரஸ்டட் யூ.”

கேட்காமல் எப்படி அம்மா, என்றேன். மழைச் சத்தத்தில் காதில் விழவில்லை. விழாததே நல்லது.

நிறுவனத்திடமிருந்து பதில். பழைய பதிப்பு இனி கிடையாது. வரதனின் கணக்கில் நுழைந்து புதிய ஒப்பந்தத்தை ஏற்றால் உடனே இறக்கிக்கொள்ளலாம். இந்தச் சேவை உங்களுக்குப் பிடித்திருந்ததா என்று ஐந்து நட்சத்திரங்கள்.

ஜூலை 19, சனி

மூட்டம். மாத்திரை மறந்தேன். மதியம் போட்டுக்கொண்டேன்.

மாரெட்பள்ளி. லினக்ஸோடு வரும் இலவசக் குரலை அவனுக்குப் போட்டிருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே குரல். தகரத்தில் சரளைக்கல் போட்டு உலுக்கினது போல. கல்யாணி ஒலியை அணைத்துவிட்டுத் திரையைப் படித்துக்கொள்கிறாள். சிந்துவிடம் பழைய வாய்ஸ் மெசேஜ்கள் சில இருக்கின்றன. அவற்றில் அவன் புதிதாக எதுவும் சொல்ல மாட்டான்.

சமையலறையில் நிற்க வைத்துக் கல்யாணி: “அவரு தூங்கறாரு. நீங்க ‘சம்மதம்’னு அமுக்கிடுங்கண்ணா.”

“அது அவன் சொல்ல வேண்டியதம்மா.”

“அவருக்கு என்ன வேணும்னு எப்பவுமே நாந்தான் சொல்லிட்டு வரேன். பல் டாக்டர்கிட்டகூட எந்தப் பல்லு வலிக்குதுன்னு நாந்தான் காட்டினேன்.” சிரிக்க முயன்றாள். முடியவில்லை. “அந்தக் குரல் என் பேரச் சொன்னா ரேஷன் கடையில கூப்பிடற மாதிரி இருக்குண்ணா. நாளைக்கு அவரும் இல்லாம, இதுவும் இல்லாம நான் என்ன பண்ணுவேன்?”

செய்யவில்லை. செய்ய மாட்டேன் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் தூங்கவில்லை. அவன் அறைக்குள் போனதும் தகரக் குரல்: “அமுக்கச் சொன்னாளா?”

“ஆமாம்.”

“நான் போனப்புறம் அவளே அமுக்கிக்கட்டும். அப்ப எனக்கென்ன.”

அப்போதுதான் சொன்னேன். பதினோராவது ஷரத்து: குரலுக்கு உரியவர் உயிரோடிருந்து தாமே சம்மதிக்க வேண்டும். அவருக்குப் பின் கணக்கு மூடப்படும். முன்பே இறக்கிய கோப்பு மட்டும் குடும்பத்திடம் இருக்கலாம்.

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

“எட்டிலேயே போதும் என்றாய்.”

“நான் சொன்னா நீ நிறுத்திடுவியா?”

பையை எடுத்துக்கொண்டேன். “போய்ட்டு வா,” என்றான். கல்யாணியிடம் அவன் சொன்னதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?

வீட்டில் ராஜி, “சாப்பாடு ஆறுது,” என்றாள். “நீங்க வேணும்னா செஞ்சீங்க?” என்றும் சொன்னாள். திருமணமாகி இத்தனை வருடத்தில் என் பக்கம் பேசியது அபூர்வம்.

ஜூலை 22, செவ்வாய்

காலை எட்டுக்குக் கல்யாணி ஃபோன். “உங்கள வரச் சொல்றாரு. அந்தக் கேள்வியத் திரும்பப் போடணுமாம்.”

திருத்திய பதிப்பு தயார். நான்கு விதமாகவும் சோதித்தாயிற்று. கைப்பையில் குடை, கண்ணாடி, பென் டிரைவ். பஸ்ஸுக்கு நிற்காமல் ஆட்டோ.

வரதன் முகத்தில் சுவாசக் கருவியின் மாஸ்க். நேற்று மாலை முதல் எடுக்கவில்லையாம். விரல் முன்போல் இல்லை.

நிறுவலை ஓட்டினேன். கேள்வி வரவில்லை. ஒரு முறை சொன்ன ‘சம்மதம் இல்லை’யைக் கணினி நினைவில் வைத்திருக்கும், மறுபடி கேட்காது. அந்த மறுப்பை ஒரு கட்டளையால் அழித்தேன். சின்னக் கட்டளைதான். அடிக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தத் தடவை எல்லாவற்றையும் படித்தேன், முதல் ஷரத்திலிருந்து கடைசி வரை. எட்டைப் படித்தபோது கண்ணை மூடிக்கொண்டான். நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை.

கேள்வி. அம்புக்குறி நான் வைத்த இடத்தில், ‘சம்மதம் இல்லை’ மேல். அங்கேயே அழுத்த ஒரு தட்டல் போதும். அடுத்ததற்கு நகர்த்த ஸ்விட்ச்சை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். விரல் அழுத்தியது, நழுவியது. மறுபடி. மறுபடி. நகர்ந்த அம்பு திரும்பி வந்தது. தெரியாமல் யாரும் சம்மதித்துவிடக் கூடாது என்று வைத்தேன். தெரிந்து சம்மதிக்கிறவனுக்கு விரலில் எவ்வளவு பலம் மிச்சமிருக்கும் என்று யோசித்ததில்லை.

கல்யாணி கையை நீட்டினாள். அவன் அவளைப் பார்த்த பார்வையில் கை பின்வாங்கிவிட்டது. சிந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

உதவட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவன் விரலின்மேல் என் விரலை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. சரியா என்று தெரியவில்லை.

கடைசியில் நகர்ந்தது. நின்றது. அழுத்தினான்.

இறங்கியது. நிரலை மூடித் திறக்க வேண்டியிருந்தது. மூடினேன். திறந்தேன்.

விரல் ஓய்ந்து கிடந்தது. பேச மாட்டான் என்றே நினைத்தேன். பிறகு எழுத்துகள், ஒன்று, இன்னொன்று. மாடிப்படியில் நின்று என்னைத் திட்டிய அதே குரல்:

“கல்யாணி, குளிருது. ஃபேனைக் குறை.”

அவள் ஃபேன் ஸ்விட்ச் பக்கம் போகவில்லை. கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”