வெந்நீரில் வைத்த கால்

அன்பு மகன் அபினுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தரின் கிருபையால் அம்மாவும் நானும் இருக்கிறோம், ஜப்பான் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க, குடும்ப ஜெபத்தில் உன் பேரைச் சொல்லாமல் நாங்கள் படுப்பதில்லை. போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி. இரண்டு மாதமாக வீடியோவில் என் முகத்தை மட்டும் பார்க்கிறாயே, ஒரு தடவையாவது நான் நடந்து பார்த்தாயா? என் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் மக்கா. தெரிந்தால் வேலையை விட்டு ஓடி வந்துவிடுவாய் என்று நான்தான் எல்லார் வாயையும் அடைத்தேன்.

நீ அனுப்பிய வீடியோவில் ஆரம்பித்தது, ஆனால் குற்றம் உன்னுடையதில்லை. அங்கே ரயில் நிலையத்து வாசலில் கிழவர்கள் பேன்டைச் சுருட்டிவிட்டு வெந்நீர்த் தொட்டியில் காலை வைத்து ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்களே, பிறகு பச்சைத் தண்ணீரிலும் மாற்றி மாற்றி வைத்தார்களே, அதைப் பார்த்து அம்மாவுக்கு ஆசை. கல்மண்டபத்து நம் கடையில் முப்பது வருஷம் நின்ற கால், அதற்கும் ஒரு சுகம் வேண்டாமா என்றாள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் போடுவது போல அண்டா நிறைய வெந்நீர் போட்டாள். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிற காஜா மொய்தீன் பச்சைத் தண்ணீரில் போட ஒரு கட்டி கொண்டுவந்து, "இன்னா அண்ணாச்சி, மீனுக்குப் போடற ஐஸைக் காலுக்குப் போட்டுக்கினு கீற" என்று கேலி செய்துவிட்டுப் போனான். அம்மா கையை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றினாள், ஆனால் அடுப்புச் சட்டியைத் துணி இல்லாமல் இறக்குகிற கைக்கு என்ன சூடு தெரியும்? "பொறுக்குதா, இன்னும் ஊத்தட்டா" என்று கேட்டாள். ஊத்து, சுகமா இருக்கு என்றேன். ஐஸில் வைத்து எடுத்து, மறுபடியும் ஊத்து என்றேன். அவளுக்கு அன்று அப்படி ஒரு சந்தோஷம். சாயங்காலம் கொப்புளம், அடுத்த வாரம் புண், சர்க்கரை உடம்பு வேறு, பாதம் கறுத்துவிட்டது.

இப்போது அவள் வெந்நீர்ப் பக்கமே போவதில்லை. இந்த மார்கழி விடியலிலும் பச்சைத் தண்ணீரை மடமடவென்று தலையில் ஊற்றிக்கொள்கிறாள். இருமல் நெஞ்சைப் பிடித்துவிட்டது, சொன்னால் கேட்பதில்லை. "என் கையாலயே வேக வச்சிட்டேனே" என்று ஜெபத்தில் முழங்கால் போட்டு அழுகிறாள். பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிற பாவி நான்.

யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். ஒரு வருஷத்துக்கு முன்பே என் கால் மரத்துப்போயிருந்தது. செருப்பு கழன்றது தெரியாமல் நடந்திருக்கிறேன். சொன்னால் கடைக்கு விடமாட்டாள் என்று மறைத்தேன். அந்த வெந்நீர் சுட்டதா குளிர்ந்ததா, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சுகமாக இருக்கிறது என்று நான் சொன்னது பொய். அவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல இன்றுவரை எனக்குத் துணிச்சல் இல்லை.

பதறி டிக்கெட் போடாதே, ஈஸ்டருக்கு வந்தால் போதும். வருஷம் ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள், நம் குடும்பத்தில் யாரையும் விட்டுவைக்காத நோய். கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக. தபால் ஆபீஸ் வரை என்னால் போக முடியாது, அம்மாதான் கொண்டுபோக வேண்டும். உறையை ஒட்டாமல்தான் அவளிடம் கொடுக்கப் போகிறேன். படித்துவிட்டு அவளே ஒட்டட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
தவசிமுத்து