ஆடியில் அச்சடித்த கார்டுகள்

மாப்ள,

நேற்று உன் மனைவி என் கையில் கொடுத்த அட்டைப்பெட்டியை இப்போதுதான் திறந்தேன். நம் விசிட்டிங் கார்டுகள். ஓரம் மட்டும் பழுப்பேறியிருக்கிறது. நம் இருவர் பெயரும், அதன் கீழே ஊர்ப் பெயரோடு நாம் சேர்த்துச் சூட்டிய இணைய முகவரியும் அப்படியே பளிச்சென்று இருக்கின்றன. அந்த முகவரி ஒரு நாள்கூட நம்முடையதாக இருந்ததில்லை.

ஊரில் பிரவுசிங் சென்டர்கள் முளைக்கத் தொடங்கிய காலம். மதுரைக் கடைகளையெல்லாம் ஒரே இணையதளத்தில் ஏற்றுவது உன் யோசனை. கீழவாசலில் மாடியறை ஒன்றைப் பிடித்தோம். மாதிரிப் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மாசி வீதிகளில் கடை கடையாக ஏறினோம். "இத எவன்ப்பா பாக்கப் போறான்?" என்று கேட்டார் ஒரு பாத்திரக்கடைக்காரர்.

"துபாய்ல இருக்குற மதுரக்காரன் பாப்பாண்ணே. ஊர் நெனப்பு வந்தா வேற எங்க போவான்?" என்றாய். அவர் சிரித்துக்கொண்டே முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்.

முகவரியைப் பதிவுசெய்ய கிரெடிட் கார்டு வேண்டும். சிங்கப்பூரில் இருந்த உன் மச்சானிடம் அது இருந்தது. ஒரு காலையில் அவரே போன் செய்தார். "பேரு காலியாத்தான் இருக்கு. இப்பவே எடுத்துரவா?" நீ என்னைப் பார்த்தாய். நான் ரிசீவரைப் பொத்தினேன்.

"ஆடி மாசம்டா. புதுசா எதையும் தொடங்க வேணாம். ஆவணி மொத முகூர்த்தத்துல எடுத்துக்கலாம்."

"இன்டர்நெட்டுக்கு ஏதுடா ஆடி?" என்றாய். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ரிசீவரை வாங்கி, "பொறுங்க மச்சான், நானே சொல்றேன்" என்று போனை வைத்தாய். "ஒனக்கு மனசுக்குச் சரியாப் படலன்னா வேணாம் மாப்ள. ஒரு மாசம்தான?"

அதே ஆடியில் அச்சகத்தில் தள்ளுபடி போட்டிருந்தார்கள். கார்டு அடிக்க மட்டும் எனக்கு மாதம் குறுக்கே நிற்கவில்லை. பதிவே செய்யாத முகவரியை ஆயிரம் கார்டில் அடித்து, நம் கையாலேயே கடைத்தெரு முழுக்கக் கொடுத்தோம். என்ன புத்திசாலிகள் நாம்!

ஆவணியில் உன் மச்சான் மறுபடி தேடியபோது எவனோ எடுத்துவிட்டிருந்தான். நம் கார்டைப் பார்த்தவனா என்பது இன்றுவரை தெரியாது. பாத்திரக்கடைக்காரர் பிரவுசிங் சென்டருக்கே போய்ப் பார்த்திருக்கிறார். வெற்றுப் பக்கம், விற்பனைக்கு என்று ஒரு வரி. "எவன் பேரையோ அட்டையில போட்டுக்கிட்டு எங்கிட்டயே வந்தீகளா?" என்று கடை வாசலில் வைத்துக் கேட்டார். நீ தலைகுனிந்து நின்றாய். வேறு பெயரில் தொடங்கலாமென்று போன இடத்திலெல்லாம் அந்தப் பேச்சு நமக்கு முன்னால் போயிருந்தது.

அந்த வருட ரம்ஜான் நோன்பு முடிந்ததும் நீ துபாய்க்குப் போனாய். குடோனில் வேலை. ஊர் நினைப்பு வந்தால் பார்ப்பான் என்றாயே, அந்த மதுரைக்காரன் கடைசியில் நீதான். பார்க்கத்தான் ஒன்றுமில்லை. எட்டு வருடம் கழித்து உன் நெஞ்சு அங்கேயே நின்றுபோனது. அடக்கமும் அங்கேயே.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். ஏன்டா என் பேச்சைக் கேட்டாய்? என்னை ஓர் அறை விட்டு, "எடுங்க மச்சான்" என்று சொல்லியிருக்கலாமே.

உன் வீட்டில் ஆனையூருக்குக் குடிபோகிறார்கள். சாமான் கட்டும்போது இந்தப் பெட்டி கிடைத்ததாம். டீயை நீட்டிக்கொண்டே உன் மனைவி சொன்னது இதுதான்: "'அவன் அந்தப் பேர அப்பவே எடுக்கச் சொன்னான், நாந்தான் சோம்பேறித்தனமா நாளக் கடத்திக் கெடுத்துட்டேன்'னு அவுக கடைசி வரைக்கும் எம்புட்டு வருத்தப்பட்டாக தெரியுமாண்ணே? ஒங்களுக்கு அவுக மேல மனத்தாங்கல் ஒண்ணும் இல்லயே?"

வீட்டில் அப்படியா சொல்லி வைத்திருந்தாய்?

"இல்லம்மா. அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்" என்றேன். பெரிய மனது பண்ணி உன்னை மன்னித்துவிட்டு, டீயையும் குடித்து முடித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன் மாப்ள.