உன் பேச்சு இருக்கும் அந்த நோட்டு

என் வசந்தாவுக்கு,

இதை நானே எழுதுகிறேன். உன் பெயரை எழுதி முடிக்கவே நேரமாகிவிட்டது, முடித்ததும் சிரித்துவிட்டேன். இரும்புலியூரில் நம் தெருக்கோடியில் சாயங்கால வகுப்பு நடக்கிறது. அங்கே நான்தான் பெரிய பையன்.

எதற்குப் படித்தேன் தெரியுமா? பொறாமையில்தான்.

நீ சாப்பிடாமல், பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த வருஷம் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மனநோய் ஆராய்ச்சிக்கு உன்னைச் சேர்ப்பதாகவும், மாதம் ஒருமுறை வந்து பேசினால் போதும் என்றும் ஒரு பெண் சொன்னாள். தாளில் நீ கையெழுத்துப் போட்டாய். வீட்டுக்காரரும் போடணும் என்றார்கள். உன் எழுத்துக்குக் கீழே என் கட்டைவிரல். அப்போதே கொஞ்சம் எரிந்தது.

என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள், உள்ளே போய் ஒரு மணி நேரம் பேசினாய். நான் டிபன் பையோடு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை நீ சிரித்த சத்தம் கேட்டது. எதற்குச் சிரித்தாய்?

பஸ்ஸில் கேட்டேன். "அப்படி இன்னாத்த சொன்ன?"

"அந்தப் பொண்ணு கேட்டுச்சு, சொன்னேன். நீ எப்பனாச்சும் கேட்டுக்கிறியா?"

அடுத்த மாதம் அந்தப் பெண் போன் செய்தபோது, "அவ வரமாட்டாம்மா, வூட்ல வேல கீது" என்று சொல்லிவிட்டேன். நீ நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றாய். அவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள் என்றேன். நீ நம்பினாயா?

நெஞ்சுவலியில் நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. போன வாரம் அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். இப்போது எனக்குப் படிக்கத் தெரியும், வசந்தா பேசியதை எழுதிய நோட்டைக் கொடு என்றேன்.

"அது அக்கா எங்ககிட்ட சொன்னது, ஐயா. யாருக்கும் தர மாட்டோம்."

"நான் அவ புருசன்மா."

"புருஷனுக்கும்தான்."

பிறகு அவளே சொன்னாள். "எங்க லிஸ்ட்ல ஆம்பளைங்கதான் ஜாஸ்தி ஐயா. அவங்களுக்குத் துணையா பொண்டாட்டி வராங்க. பொம்பளைங்க ஒரு தடவை வராங்க, அப்புறம் வீட்ல வேலைன்னுடறாங்க. அவங்களுக்கு என்ன பண்ணுதுன்னு எங்களுக்குத் தெரியாமலே போயிடுது."

"வேல ஒன்னும் இல்லம்மா. நான்தான் அனுப்பல" என்றேன்.

இன்னும் பொறாமைதான், வசந்தா. உன்னுடைய ஒரு மணி நேரம் அந்த ஆஸ்பத்திரி அலமாரியில் இருக்கிறது. என்னிடம் இல்லை.

முடிச்சூரில் நம் மகள் சுமதி, குழந்தை பிறந்ததிலிருந்து உன்னைப் போலவே சுவரைப் பார்த்துப் படுக்கிறாள். அந்த ஆராய்ச்சியில் சேர்கிறேன் என்று அவளே சொன்னாள். திங்கட்கிழமை கூட்டிப்போகிறேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்காருவேன். உள்ளே சிரிப்புச் சத்தம் வந்தாலும் பஸ்ஸில் எதுவும் கேட்க மாட்டேன். எரிந்தால் எரியட்டும். அடுத்த மாதமும் கூட்டிப்போவேன்.

இப்படிக்கு,
இந்த முறை கட்டைவிரல் வைக்காத
உன் வீட்டுக்காரன்,
ஏழுமலை